கண்ணை மூடிப் போட்டுக்கொண்ட ஊசி

சாலம்மாளை யார் கூப்பிட்டாலும் முதலில் ஒரு விரலைத் தூக்குவாள். பதில் அதற்குப் பிறகுதான் வரும். ஆட்காட்டி விரல் மார்புக்கு நேராக நிற்கும், வகுப்பில் பிள்ளைகள் வெளியே போக அனுமதி கேட்பது மாதிரி. பொறு, மூச்சை எடுத்துக்கொண்டு பேசுகிறேன் என்று அதற்கு அர்த்தம். மளிகைக் கடைக்காரர், பஸ் கண்டக்டர், நெல் களத்து மேஸ்திரி என்று எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது. விரல் இறங்கும் வரை நின்று கேட்பார்கள். சண்டை போடும்போதும் அவளுக்கு அந்த விரல் வேண்டும். "இவகிட்ட சண்ட ஆரம்பிச்சிட்டு, வூட்டுக்குப் போயி சோறு தின்னுட்டு வந்து மீதிய கேக்கலாம்" என்பாள் பாப்பாத்தி. இருவரும் ஒரே களத்தில் வேலை செய்தவர்கள், பக்கத்துப் பக்கத்து வீடு.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைப்பக்கம் போகும் சாலையில், ஊருக்கு வெளியே ஒரு ரைஸ் மில் இருந்தது. சாலம்மாள் கல்யாணமாகி வந்த மறுமாதமே அங்கே வேலைக்குப் போய்விட்டாள். ஊறின நெல்லைத் தொட்டியிலிருந்து அள்ளி அவிக்கப் போடுவது, அவிந்ததைக் களத்தில் கொட்டிக் காலால் கோடு இழுத்துக் காயவைப்பது, மழை வரும்போது ஓடி ஓடிக் குவிப்பது. அடுப்புக்கு உமிதான் விறகு. ஒரு பக்கம் அந்தப் புகை, இன்னொரு பக்கம் தவிட்டுத் தூசு. சாயங்காலம் முந்தானையை உதறினால் ஒரு கை தவிடு விழும். சில வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இருமல் வந்தது. இருமலுக்குப் பின்னால் இழுப்பு வந்தது. உட்கார்ந்தால் ஒரு மாதிரி, படுத்தால் ஒரு மாதிரி, நெஞ்சுக்குள் பூனை கத்துவது போல.

புருஷன் கந்தசாமி மாட்டுவண்டிக்காரர். கரும்பு வெட்டும் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றுவார், மற்ற நாளில் மில்லுக்கு நெல் மூட்டை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆடாதொடைக் கஷாயம் வைத்துக் கொடுத்தார், மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் தேன் வாங்கிக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கார்த்திகை மாதம் சாலம்மாளுக்கு உதடு நீலம் பாய்ந்து கண் செருகிவிட்டது. ஊரே வாசலில் நின்று அழ ஆரம்பித்த நேரத்தில்தான் செல்லமுத்து சைக்கிளில் வந்து இறங்கினார்.

செல்லமுத்து கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். அந்த டாக்டர் காலமானபின் தோல் பையும் கண்ணாடி ஊசியும் சைக்கிளுமாகக் கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் இரண்டு மருந்து கலந்து போட்டார். ஒன்று கண்ணாடிக் குப்பியை உடைத்து எடுப்பது, மூச்சுக்குழாயை விரிக்கும். இன்னொன்று ரப்பர் மூடி போட்ட சின்னப் புட்டி, உள்ளே இருக்கும் வீக்கத்தை அடக்கும். கொஞ்ச நேரத்தில் சாலம்மாள் எழுந்து உட்கார்ந்து, "கஞ்சி கீதா?" என்று கேட்டாள். வாசலில் நின்ற கூட்டம் அப்படியே செல்லமுத்துவின் கையைப் பார்த்தது. இனி அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது. கைராசிக்காரர் என்று பேர் விழுந்துவிட்டது.

அதன் பிறகு தினமும் காலையில் அவர் வருவார். ஊசி வெந்நீரில் கொதித்து ஆறும் வரை ஊர்க்கதை பேசுவார். மருந்தை ஏற்றியதும் ஊசியை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார்.

"கண்ண மூடிக்க தங்கச்சி. குலசாமிய நெனச்சிக்க."

சாலம்மாள் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வாள். கண் திறந்து ஊசியைப் பார்த்தால் மருந்து கேட்காது என்பது ஊரில் எல்லோரும் நம்பியது. வேறு கை போட்டாலும் கேட்காது. செல்லமுத்து போட்டால் போட்ட இடம் வலிக்காது. அவள் வேலைக்குப் போனாள், நெல் அவித்தாள், மூட்டை தூக்கினாள். உடம்பு பூரித்தது. முகம் வட்டமாகி, கன்னம் உப்பி, கண் உள்ளே போயிற்று. பார்த்தவர்கள் சதை போட்டுவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்கள். "மில்லுல தவிடு கம்மியாவுதுன்னு மேஸ்திரி தேடினு கீறாரு, இங்க வந்து பாக்க சொல்லு" என்று பாப்பாத்தி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளின இடம் ஒரு வாரம் கன்றிப்போய்க் கிடந்தது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

இரண்டு மூன்று வருஷம் போயிற்று. ஒருநாள் மூட்டையைத் தூக்கும்போது முதுகில் ஏதோ நறுக்கென்றது. அதற்காகத்தான் கந்தசாமி அவளைக் கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அங்கே இருந்த டாக்டரம்மா முதுகைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பார்த்தார். என்ன ஊசி, எவ்வளவு, எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

"நீங்க மண்சுவரு வூட்டுலதான இருக்கீங்க? தீப்புடிச்சா தண்ணி ஊத்தலாம். தீ இல்லாதப்பவும் தெனம் ஊத்தினா சுவரு இன்னா ஆவும்?"

"ஊறி வுழுந்துரும்."

"ஒங்க எலும்பு அப்டித்தான் ஊறிக்கினு இருக்குது. அந்தச் சின்னப் புட்டி மருந்து ஒங்க ஒடம்புலயே சொந்தமா ஊறுற ஒண்ணுதான். வெளியில இருந்து ஊத்த ஊத்த, உள்ள ஊறுறது நின்னு தூங்கிடும். அத மெள்ள மெள்ளத்தான் எழுப்பணும். ஒரே நாள்ல நிறுத்தினீங்கன்னா உயிருக்கே ஆபத்து. தெரியுதா?"

கண்ணாடி ஊசியின் மேல் கோடு கோடாக அளவு போட்டிருக்கும். செல்லமுத்து போட்டுக்கொண்டிருந்தது பத்துக் கோடு. மாதம் ஒன்றோ இரண்டோ கோடு குறைத்துக்கொண்டே வரவேண்டும், ஒவ்வொரு மாதமும் வந்து காட்ட வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மூச்சு வாங்கும் நாளில் குப்பி மருந்தை மட்டும் கூடுதலாகப் போடலாம்.

செல்லமுத்து சீட்டைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "செஞ்சிட்டாப் போச்சு" என்றார்.

அதன்பின் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது, அல்லது அப்படித் தெரிந்தது. எட்டு என்றார், ஆறு என்றார், நான்கு என்றார். சாலம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் வாரத்தில் ஒருமுறை இழுத்ததோடு சரி, பிறகு இழுப்பு வரவில்லை. மாதா மாதம் டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு ஆச்சரியப்பட்டார். "மூச்சு நல்லா இருக்குது. முகந்தான் ஏன் வத்தலைன்னு தெரியலையே" என்று ஒருமுறை அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த மாதம் இரண்டு, பிறகு ஒன்று. அந்த ஒரு கோட்டையும் சீக்கிரம் நிறுத்திவிடலாம் என்று சொல்லியிருந்தார். சாலம்மாள் வீட்டுக்கு வந்து குலசாமிக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

அந்த வருஷம் புரட்டாசி பிறந்த சமயம். தங்கள் சாதிக்கு வேலையிலும் படிப்பிலும் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று ஊர் ஊராகச் சொல்லி வைத்திருந்தார்கள். செல்லமுத்து மறியலுக்கு முந்தின நாள் காலையில் ஊசி போட்டுவிட்டு, சேலத்தில் மச்சினன் வீட்டுக் கல்யாணம், நாளைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனார். சின்னசேலம் போய் அங்கிருந்து சேலம் பஸ் பிடித்தார். அந்தப் பஸ்தான் கடைசி. மறுநாள் விடிந்தபோது எந்தச் சாலையிலும் பஸ் இல்லை. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். சிறுபாலங்களை வெட்டிவிட்டிருந்தார்கள்.

கந்தசாமியும் கோடாலியோடு போயிருந்தார். மில் திருப்பத்தில் இருந்த பெரிய மரம் அவர் கையால் விழுந்ததுதான். கை கன்றி, வியர்வையோடு வந்து உட்கார்ந்தார்.

"நமக்குத்தான் புள்ள இல்லியே. யாருக்காவ வெட்னீங்க?" என்று கேட்டாள் சாலம்மாள்.

"அண்ணன் பசங்க இல்லியா? அதுங்களாவது ஆபீசுல நாக்காலி போட்டு ஒக்காரட்டும். எத்தினி நாளைக்கி மாட்டு வாலயே புடிச்சினு இருக்கிறது?"

அன்றைக்கு ஊசி இல்லாமல் போயிற்று. ஒரு கோடுதானே, அதுவும் நிறுத்தப்போகிற கோடு என்று இருவரும் நினைத்தார்கள். டாக்டரம்மா ஒரே நாளில் நிறுத்தாதே என்று சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அது பத்துக் கோட்டுக்குச் சொன்னது, ஒன்றுக்கு என்ன வந்துவிடும்?

ஊரிலேயே துணைச் சுகாதார நிலையம் ஒன்று இருந்தது. விஜயலட்சுமி என்று மணலூர்பேட்டைப் பெண், புதிதாக வந்த நர்ஸ், அங்கேயே தங்கியிருந்தாள். கந்தசாமி அவளைக் கூப்பிடட்டுமா என்றார்.

சாலம்மாள் விரலைத் தூக்கினாள். கொஞ்சம் கழித்து, "வேணாம். அது சின்னப் பொண்ணு. கை எப்டியோ இன்னாவோ. கம்பவுண்டரு வந்துருவாரு" என்றாள்.

மறுநாளும் அவர் வரவில்லை. அதற்கும் மறுநாள் காலையில் நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பித்தது. மலைப்பக்கம் கருத்து, மழைக்காற்று இறங்கியிருந்தது. அவள் முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கந்தசாமி அவளைக் கேட்காமலே போய் நர்சைக் கூட்டி வந்தார்.

விஜயலட்சுமி சீட்டை இரண்டு முறை படித்தாள். குப்பியை உடைத்துப் போட்டாள். பிறகு சின்னப் புட்டியிலிருந்து ஒரு கோடு. சாலம்மாள் வழக்கம்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இன்னாக்கா, மயக்கமா வருதா? ஏன் கண்ண மூடுறீங்க?"

"சாமிய நெனச்சிக்கினு..."

"நெனச்சிக்குங்க. நான் போட்டே முடிச்சிட்டேன்."

கந்தசாமி சிரித்தார். சாலம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. போட்ட இடம் வலித்தது.

இழுப்பு கொஞ்சம் தணிந்தது. ஆனால் அதற்கடுத்த நாள் வேறு என்னவோ வந்தது. அவளுக்குத் தெரிந்த வியாதி இல்லை அது. கால் தரையில் நிற்கவில்லை. எழுந்தால் கண் இருட்டிற்று. குடித்த கஞ்சி அப்படியே வெளியே வந்தது. உடம்பு சில்லிட்டு வியர்த்தது. கூடவே மூச்சும் மறுபடி வாங்கியது. யாரோ தன்னைக் கிணற்றுக்குள் கயிற்றில் இறக்கிக்கொண்டே இருப்பது போலவும், மேலே இருக்கிற வெளிச்சம் சிறுத்துக்கொண்டே போவது போலவும் இருந்தது அவளுக்கு. சாகப்போகிறோம் என்று அப்போது தெளிவாகத் தோன்றியது. பயமாக இருந்தது.

நர்ஸ் ஓடி வந்தபோது வாசலில் நாலைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். பாப்பாத்தி வழியை விடவில்லை.

"ஏம்மா, உங் கையில இன்னாதான் கீது? கம்பவுண்டரு போட்டவரைக்கும் மலை மாதிரி இருந்தா. நீ ஒரு ஊசி போட்ட, படுத்துட்டா."

"சீட்டுல எழுதினததான் போட்டேன்."

"சீட்டுல எழுதினது எல்லாருக்கும் ஒண்ணுதான். கை ஒண்ணா? போதும்மா, நீ போட்டது போதும். வூட்டுக்குப் போ."

விஜயலட்சுமியின் முகம் சிவந்துவிட்டது. திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் பாப்பாத்தியின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டாள். நாடி பிடித்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். சீட்டை எடுத்துப் படித்தாள். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இந்த மருந்து இன்னும் எத்தினி புட்டி இருக்குது?" என்று கந்தசாமியைக் கேட்டாள்.

"ரெண்டு கீதும்மா. நாலு நாளைக்கி வரும்."

"நாலு நாளைக்கா? ஒரு புட்டியில இருபது கோடு இருக்குது, ஒரு கோடு போட்டா ரொம்ப நாளைக்கு வருமே."

"இல்லம்மா. ரப்பர்ல ஊசி குத்திட்டா ரெண்டு நாளைக்கி மேல ஆவாதாம். மருந்து கெட்டுப்போயிடுமாம். மீதிய கீழ ஊத்திரணும்னு கம்பவுண்டரு சொல்லியிருக்காரு. ரெண்டு நாளைக்கி ஒரு புட்டி. எப்பவும் அதான் வாங்கியாறேன்."

"எப்பவுமா? பத்துக் கோடு போட்டப்பவும் ரெண்டு நாளைக்கு ஒண்ணா?"

"ஆமா."

"ஒரு கோடு ஆனப்புறமும்?"

"ஆமாம்மா. இன்னா கேக்கற நீ?"

சாலம்மாள் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு நேரே சுவர் மாடத்தில் அந்தக் காலிப் புட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றையும் எறிந்ததில்லை அவள். கழுவிக் கடுகு போட்டு வைத்திருந்தாள், பெருங்காயம், தையல் ஊசி, விளக்கெண்ணெய். காலியான புட்டி கைக்கு வந்ததும் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பாள். ஒரு சொட்டு இருந்ததில்லை. செல்லமுத்து அந்தப் புட்டியைத் தலைகீழாகப் பிடித்து ஊசியால் உறிஞ்சும்போது, அடியில் மருந்து தீர்ந்து காற்று ஏறும் சத்தம் அவள் மூடிய கண்ணுக்குள் கேட்டிருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்டிருக்கிறது. தரையில் மருந்து ஊற்றின ஈரத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தத் தரையைத் தினம் பெருக்குகிறவள் அவள்தான்.

விரலைத் தூக்கினாள். நர்ஸ், கந்தசாமி, வாசற்படியில் நின்ற பாப்பாத்தி எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஊத்தல. அவரு ஒரு நாளும் கீழ ஊத்தல."

விஜயலட்சுமி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப பத்துக் கோடே போட்டுக்கினு இருந்திருக்காரு" என்றாள், யாரிடமும் இல்லாமல். "நாங்கல்லாம் ஒண்ணுன்னு நெனச்சிக்கினு இருக்கோம். ஒடம்பு பத்துலயே இருந்திருக்குது. பத்துல இருந்து அப்டியே தூக்கிக் கெணத்துல போட்டுட்டோம்."

சீட்டில் ஒன்று என்று எழுதியிருக்கிறது. பத்து போடச் சொல்லி எழுதித் தர யாரும் இல்லை. கேட்பதற்குப் போன் இருந்த மில் ஆபீசில் போனும் செத்துப்போயிருந்தது. ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பெண்ணை ஊர் சும்மா விடாது. அப்படியும் விஜயலட்சுமி புட்டியைத் தலைகீழாகப் பிடித்து மருந்தை இழுத்தாள். தண்ணீர் போன்ற அந்த மருந்து கோடு கோடாக இறங்கிப் பத்தில் வந்து நின்றது. சாலம்மாள் கண்ணை மூடவில்லை. தனக்குள் இவ்வளவு நாளாக என்ன போயிற்று என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"இது தாங்கறதுக்குதான். உடனே ஆஸ்பத்திரிக்கிப் போயாவணும்" என்றாள் நர்ஸ்.

கயிற்றுக் கட்டிலோடு தூக்கினார்கள். கந்தசாமி, அவர் அண்ணன், இன்னும் இரண்டு பேர். நர்ஸ் பக்கத்திலேயே நடந்தாள். மில் திருப்பத்தில் கந்தசாமி வெட்டின மரம் கிடந்தது. சாலை முழுக்கக் கிளை. மேலே தூக்கவும் முடியவில்லை, சுற்றவும் வழியில்லை. பக்கத்து வாய்க்காலில் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் கட்டிலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார்கள். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள் எழுந்து ஓடி வந்து இரண்டு பக்கமும் பிடித்தார்கள்.

"இன்னா மாமா, அன்னிக்கி கெளைய கழிச்சிட்டுப் போன்னு சொன்னேன், கேட்டியா?" என்றான் ஒருவன்.

கந்தசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வழியில் இப்படி எத்தனையோ மரங்கள். ஒவ்வொரு இடத்திலும் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் தோள் மாற்றினார்கள். அடுத்த தடை வரை கூட வந்துவிட்டுத் திரும்பினார்கள். சாலம்மாளுக்கு மேலே வானம் மட்டும் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது பொழுது சாயவில்லை.

டாக்டரம்மா எல்லாவற்றையும் நர்சிடம் கேட்டார். "முகம் வத்தலையேன்னு அப்பவே கேட்டேனே" என்று மட்டும் சொன்னார். பாட்டில் ஏற்றினார்கள். சாலம்மாள் பிழைத்துக்கொண்டாள்.

சாலை திறந்தபின் வண்டியில் ஊருக்கு வந்தாள். வந்து இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது, "கம்பவுண்டரு இருந்திருந்தா இவ்ளோ கஷ்டம் வந்திருக்குமா" என்பதுதான். கந்தசாமி நடந்ததை எடுத்துச் சொன்னார். ஊர் கேட்டுக்கொண்டது, நம்பவில்லை. பாப்பாத்தி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் காதால் கேட்டவள். அவளே, "அது இன்னாவோ கோடு கணக்கு, எனக்குத் தெரியாதும்மா. அந்தப் பொண்ணு தொட்டுது, இவ வுழுந்தா. அதுதான் நான் பாத்தது" என்றாள்.

இரண்டு நாள் கழித்துச் செல்லமுத்து வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நிலைப்படியிலேயே குந்தினார். பையைத் திறக்கவில்லை.

"நர்சம்மா சொல்றது நெசமாண்ணே?" என்று கேட்டாள் சாலம்மாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கொறச்சேன் தங்கச்சி. மொத வாரம் எட்டுதான் போட்டேன். ஒனக்கு இழுத்திச்சி. நீ களத்துல ஒக்காந்துட்ட. அன்னிக்கி டீக்கடையில ரெண்டு பேரு, செல்லமுத்துக்குக் கை போயிடிச்சின்னு சொல்றானுங்க, நான் பின்னால நிக்கிறேன். எங்கிட்ட இன்னா கீது? படிப்பா, பட்டமா? இந்தக் கைதான். மறுநா பத்து போட்டேன். நீ எந்திரிச்சி வேலைக்கிப் போன. அப்புறம் அதயே போட்டுட்டேன்."

"என்னக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

சாலம்மாள் விரலைத் தூக்கவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கவும் இல்லை. கேட்டிருந்தால், பத்தே போடு என்று சொல்லியிருப்பாள். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நான் செத்திருப்பேண்ணே" என்றாள் கடைசியில்.

அவர் தலையை ஆட்டினார். எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுபடியும் பத்திலிருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை டாக்டரம்மா அவசரப்படவில்லை. ஒரு கோடு குறைக்க இரண்டு மாதம் ஆயிற்று. விஜயலட்சுமிதான் வந்து போட்டாள். ஒவ்வொரு கோடு குறையும்போதும் உடம்பு அடித்துப்போட்டது போல வலித்தது, இழுப்பு வந்தது, பல நாள் சோறு இறங்கவில்லை. மில்லுக்குப் போக முடியவில்லை. "கொஞ்சம் பொறுங்கக்கா, உள்ள தூங்கறது எழுந்துக்கினு இருக்குது" என்பாள் நர்ஸ். முகம் வற்ற ஆரம்பித்தது. கந்தசாமி ஒருநாள் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "கல்யாணத்தப்ப இருந்த மூஞ்சி வருது" என்றார். ஊருக்கு அது நோய் முற்றுகிற மாதிரி தெரிந்தது. எப்படி இருந்தவள் எப்படி ஆகிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த நர்சிடம் யாரும் போகாமல் ஆனார்கள். கைப்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட, வெயிலில் நடந்து அடுத்த ஊருக்குப் போனார்கள். எதிரே வந்தால் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டவர்களும் உண்டு. அவள் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினார்கள். சாலம்மாள் வாசலில் உட்கார்ந்து, எனக்குப் போடுகிறாளே, நான் இருக்கிறேனே என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லிப் பார்த்தாள். குனிந்து, எலும்பு தெரிய உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்துவிட்டு அவர்கள் இன்னும் வேகமாக நடந்தார்கள்.

ஐந்து கோட்டுக்கு வந்த சமயம் விஜயலட்சுமி மாற்றல் வாங்கிக்கொண்டு தன் ஊர்ப்பக்கமே போய்விட்டாள். போகும்போது சாலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு போட்டாலும் பாத்து போட்டுக்குங்கக்கா" என்றாள். அடுத்த நர்ஸ் வரப் பல மாதம் ஆயிற்று. கள்ளக்குறிச்சிக்குத் தினம் போய்வர முடியாது. கந்தசாமி போய்ச் செல்லமுத்துவைக் கூட்டி வந்தார்.

செல்லமுத்து மருந்தை ஏற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பாத்துக்க தங்கச்சி. அஞ்சு." உண்மையாகவே ஐந்துதான். சாலம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சில வாரம் அப்படிப் போயிற்று. அந்த வருஷம் மழை பொய்த்துக் கந்தசாமியின் வண்டிக்கு வேலை இல்லை. மாட்டை விற்றார்கள். மில்லில் இருந்து ஆள் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"எட்டு போடுண்ணே. நாளைக்கி நெல்லு அவியல் போடுறாங்க" என்றாள் அவள்.

"வேணாம் தங்கச்சி."

"நானே சொல்றேன். போடு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு போட்டார். இருவரும் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார்கள். டாக்டரம்மாவிடம் மட்டும் அவள் பிறகு போகவில்லை. அவரைப் பார்க்கும் முகம் அவளுக்கு இல்லை. எட்டு சில நாள், அறுவடைக் காலத்தில் பத்து, வேலை இல்லாதபோது ஐந்து என்று அவளே கூட்டிக் குறைத்துக்கொண்டாள். மில் மூடும் வரை அப்படித்தான் போயிற்று.

செல்லமுத்து இறந்து வெகுகாலம் ஆகிறது. சாலம்மாளுக்கு இப்போது ஊசி இல்லை, பிறகு வந்த டாக்டர்கள் மெள்ள மெள்ளக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். காலையிலும் மாலையிலும் வாயில் வைத்து இழுக்கிற மருந்து கொடுத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. மூச்சு பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. முதுகெலும்பு நசுங்கி உயரம் குறைந்துவிட்டது. போன தை மாதம் முற்றத்தில் கால் தடுக்கி இடுப்பெலும்பு உடைந்தது. எலும்பில் சத்து இல்லை, ஆபரேஷன் தாங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கட்டிலிலேயே இருக்கிறாள். கந்தசாமிதான் தூக்கி உட்கார வைக்கிறார், அவருக்கும் வயதாகிவிட்டது.